மொபிலைஸ்: ‘திரட்டு’ கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மதுரை நத்தம் சாலை கலைஞர் நூலகத்தில் உட்கார்ந்து படித்த நாட்களில், ‘மொபிலைஸ் என்றால் திரட்டு’ என்று நோட்டில் ஒரே வரியாக எழுதி வைத்திருந்தேன். தப்பில்லை. படை திரட்டுவது, நிதி திரட்டுவது, ஆதரவு திரட்டுவது மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இந்தச் சொல் வரும். வங்கிக் கிளைகளில் ‘டெபாசிட் மொபிலைசேஷன்’ அன்றாடப் பேச்சு. 1939 ஜூலை 8 மீனாட்சியம்மன் கோயில் ஆலயப் பிரவேசத்துக்கு முன் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் ஆதரவு திரட்டியதை ஆங்கிலத்தில் எழுதினாலும் ‘மொபிலைஸ்’தான் பொருந்தும்.

ஒரு மாதிரித் தேர்வில், அறுவை சிகிச்சை முடிந்த நோயாளியை மறுநாள் என்ன செய்தார்கள் என்று கோடிட்ட இடம். விடைகளில் ‘மொபிலைஸ்டு’ இருந்தது. நோயாளியை எப்படித் திரட்டுவது என்று அதைத் தள்ளிவிட்டேன். மதிப்பெண் போனது.

சில மாதம் கழித்து அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை. மறுநாள் காலை பிசியோதெரபி தம்பி வாக்கரோடு வந்து, “இன்னைக்கு மொபிலைஸ் பண்ணிரலாம்” என்றார். “என்னப்பா செய்யப் போறீங்க?” என்று அம்மா பயந்தார். “கட்டிலை விட்டு எறங்கி ரெண்டு எட்டு வைக்கப் போறீங்கம்மா, அவ்வளவுதான்.” வாக்கரை இறுக்கிப் பிடித்து அம்மா முதல் எட்டு வைத்தபோது அந்தச் சொல் எனக்கு முழுசாக விளங்கியது.

லத்தீனில் ‘மொபிலிஸ்’ என்றால் நகரக்கூடியது. பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ராணுவத்தில் அதிகம் புழங்கும் சொல். ஆளைச் சேர்ப்பதோடு அது முடியாது. துப்பாக்கி கொடுத்து, ரயிலேற்றி, புறப்படத் தயாராக நிறுத்த வேண்டும். 1914 ஜூலை இறுதியில் ரஷ்யா படையை மொபிலைஸ் செய்ததும் ஜெர்மனி போர் அறிவித்தது அதனால்தான்.

வெண்ணெய் திரளுவதுபோல, சிதறிக் கிடப்பது ஒன்றுசேர்வதுதான் ‘திரட்டு’. சும்மா கிடப்பதை அசைய வைப்பது ‘மொபிலைஸ்’. பல இடத்தில் இரண்டும் ஒத்துப்போகும். உயிரியல் பத்தி வந்தால் நேர் எதிராகிவிடும். பட்டினியில் உடம்பு கொழுப்பை மொபிலைஸ் செய்கிறது என்றால், சேர்த்து வைத்ததைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. அங்கே ‘திரட்டுகிறது’ என்று படித்தால் பத்தியே தலைகீழாகும்.

வாடகை வசூலிப்பதற்கு ‘கலெக்ட்’, நாற்காலியை நகர்த்துவதற்கு ‘மூவ்’. அங்கெல்லாம் இது வராது. டெண்டர் அறிவிப்பில் ‘மொபிலைசேஷன் அட்வான்ஸ்’ பார்த்தால், அது எந்திரமும் ஆட்களும் வேலையிடத்துக்குக் கொண்டுவர ஒப்பந்ததாரருக்கு முன்கூட்டித் தரும் பணம். எதிர்ச்சொல் இரண்டையும் குழப்ப வேண்டாம்: போர் முடிந்து படையைக் கலைப்பது ‘டீமொபிலைஸ்’, முறிந்த கையை அசையாமல் கட்டுவது ‘இம்மொபிலைஸ்’.

என் நோட்டில் அந்தப் பழைய வரியை அடிக்கவில்லை. பக்கத்திலேயே ‘அம்மா, வாக்கர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.