தெற்குக் கரைத் தீவுகளுக்கு ஆட்சேபக் கடிதம் எழுதிய அனுபவம்

மலேசியாவின் பினாங்குத் தீவில் கடலைத் தூர்த்து நிலமாக்குவது புதிதல்ல. இன்று வங்கிகள் வரிசையாக நிற்கும் லெபோ பந்தாய் ஒரு காலத்தில் அசல் கடற்கரை. அதற்கு முன்னால் இருக்கும் பெங்காலான் வெல்ட், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் மண் கொட்டி எழுப்பியது. என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெற்கே மூன்று தீவு கட்டப் போகிறார்கள் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "நான் முப்பது வருசம் மூட்டை இறக்கின இடமே கடலாத்தானேம்மா இருந்துச்சு, இப்ப மட்டும் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. 2022இல் அந்தத் திட்டத்தின் இ.ஐ.ஏ. அறிக்கை, அதாவது சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை, பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது அதை உட்கார்ந்து படிக்க முடிவு செய்ததற்கு அந்தக் கேள்வி ஒரு காரணம். நான் குடியிருப்பது தெலுக் கும்பார் பக்கம் என்பது இன்னொரு காரணம்.

இந்த விவகாரத்தைப் பின்தொடராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் ஆகிய ஊர்களுக்கு முன்னால் மொத்தம் 4,500 ஏக்கரில் மூன்று செயற்கைத் தீவுகள் எழுப்புவது என்பது திட்டம். முதல் தீவு மட்டும் 2,300 ஏக்கர். அந்த நிலத்தை விற்று வரும் பணத்தில் எல்ஆர்டி எனும் இலகு ரயில், நெடுஞ்சாலை உட்பட மாநிலத்தின் போக்குவரத்துப் பெருந்திட்டத்தை நிறைவேற்றலாம் என்பது ஆரம்பத்தில் சொல்லப்பட்ட கணக்கு. 2019இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. தெற்குக் கரை மீனவர்கள் விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அதனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. புது அறிக்கை வந்தது.

இதில் பொதுமக்களுக்கு என்ன வேலை என்று பலருக்குத் தெரிவதில்லை. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் எந்தெந்தத் திட்டங்களுக்கு இ.ஐ.ஏ. வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு ஆணை ஒன்று இரண்டு அட்டவணைகளாகப் பிரிக்கிறது. பெரிய அளவில் கடலைத் தூர்ப்பதும் செயற்கைத் தீவு கட்டுவதும் இரண்டாவது அட்டவணையில் வரும். அந்த அட்டவணையில் இருந்தால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தே ஆகவேண்டும். முப்பது நாள் பார்வைக்கு இருக்கும், அது முடிந்து இன்னும் பதினைந்து நாள் வரை எழுத்துப்பூர்வமாகக் கருத்து அனுப்பலாம். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். மீனவராகவோ அந்த ஊர்க்காரராகவோ இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அறிக்கையைக் கணினியில் திறந்த அன்று எனக்கு மூச்சு முட்டியது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். முன்னால் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு சுருக்கம் இருக்கும்; பெரும்பாலோர் அதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சுருக்கத்தில் எல்லாமே சமாளிக்கக்கூடியதாகத்தான் தெரியும். பாதிப்பு என்று ஒரு வரி இருந்தால், அதன் பக்கத்திலேயே தணிப்பு நடவடிக்கை என்று இன்னொரு வரி இருக்கும். பயனீட்டாளர் சங்க வேலைகளில் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு ஒரு வழி சொன்னார். "சுருக்கத்தை விடும்மா. பின்னால இணைப்பு இருக்கும் பாரு, மீன்வளம், நீரோட்டம், சமூகப் பாதிப்பு. உனக்குத் தெரிஞ்ச இடம் எதுல வருதோ அதை மட்டும் எடு." எனக்குத் தெரிந்த இடம் எங்கள் முன்னால் இருக்கும் கடல். மீன்வள இணைப்பை எடுத்தேன்.

அந்த இணைப்பில் மீன்பிடி இடங்களைக் குறித்த வரைபடங்கள் உண்டு. ஒன்றை ஏ3 தாளில் அச்சடித்து, நாங்கள் எப்போதும் மீன் வாங்கும் ஜெட்டிக்குக் கொண்டு போனேன். அங்கே பாக் லாங் என்று எல்லாரும் கூப்பிடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். காலையில் கரை ஏறியதும் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார். நண்டின் கொடுக்கை ஒடிக்காமல் நூலிலிருந்து விடுவிப்பது பொறுமையான வேலை. கொடுக்குப் போனால் விலை பாதியாகிவிடும். வேலையை முடித்துவிட்டுக் கையைக் கடல் தண்ணீரில் அலசி, சட்டையில் துடைத்துக்கொண்டு, தாளை ஐஸ் பெட்டியின் மூடிமேல் விரித்தார்.

முதலில் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். கரையிலிருந்து கடலைப் பார்த்தபடி நிற்பவருக்குத் தெற்குதான் மேலே இருக்க வேண்டும். அப்புறம் என் பேனாவை வாங்கினார். இங்கே சேற்றுத் தரை, வெள்ளை இறால். இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் காளா மீன். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சிறு படகு வெளியே போக முடியாது, அப்போது இந்த ஓரம்தான் சோறு போடும். கூனி இறால் கரையோரம் வரும் காலத்தில் பெண்கள்கூடத் தள்ளுவலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவார்கள், பிளாச்சான் என்கிற இறால் விழுது அதிலிருந்துதான். அவர் கோடு போடப் போட, முதல் தீவின் எல்லைக்குள்ளேயே பேனா மை அதிகமாகச் சேர்ந்துகொண்டு வந்தது. அச்சடித்த படத்தில் அந்த இடம் ஒரே நிறத்தில், வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதுபோல் இருந்தது.

மாமனாருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அங்கேதான் கிடைத்தது. பெங்காலான் வெல்டில் தூர்த்தது துறைமுகத்துக்காக. அந்தத் துறைமுகம் வந்ததும் கரையில் இருந்தவர்களுக்கே, நம் ஆட்களுக்கும் சேர்த்து, வேலை வந்தது. இங்கே தூர்க்கப் போவது ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருக்கும் ஓர் இடத்தை. பெரிய படகும் எஞ்சினும் கருணைத்தொகையும் தருகிறோம் என்கிறார்கள். ஆழ்கடலுக்குப் போகாமல் கரையோரத்தை நம்பியே வாழ்க்கையை அமைத்துக்கொண்ட அறுபது வயதுக்காரருக்குப் பெரிய எஞ்சின் எதற்கு? வீட்டில் இதைச் சொன்னபோது மாமனார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதை எழுது" என்றார்.

எதிர்த் தரப்பையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் கொழுந்தன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். "அண்ணி, நிலம் தீர்ந்துபோச்சு. புதுசா வர்ற சிப் கம்பெனி கடலுக்கு அந்தப் பக்கம் கூலிமுக்குப் போயிடும். என் பிள்ளைங்க தினம் பாலம் தாண்டி வேலைக்குப் போகணுமா?" என்பது அவன் வாதம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட பிறகு நம் குடும்பங்கள் பலவற்றைத் தூக்கி நிறுத்தியது அந்தத் தொழிற்சாலைகள்தான். ஆனால் தொழிற்சாலைக்கு எத்தனை ஏக்கர், குடியிருப்புக்கும் கடைகளுக்கும் எத்தனை ஏக்கர் என்று கேட்கலாம் இல்லையா? அந்தக் கேள்வியை அவனுக்காகவும் சேர்த்தே எழுதினேன்.

எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதற்காகத்தான் இந்தப் பதிவே. அந்த நேரத்தில் கையெழுத்து இயக்கங்கள் நிறைய நடந்தன. அதுவும் தேவைதான், எத்தனை பேர் கவலைப்படுகிறார்கள் என்று அது காட்டும். ஆனால் ஒரே வாசகம் அச்சடித்த நூறு கடிதங்களில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கும். ஆசிரியை சொன்ன முறை வேறு. ஒரு பத்திக்கு ஒரு விஷயம். அது அறிக்கையின் எந்தப் பகுதி, எந்தப் பக்கம் என்று முதலில் குறிப்பிட வேண்டும். அங்கே என்ன சொல்லியிருக்கிறது, நாம் நேரில் பார்ப்பது என்ன என்று அடுத்து. கடைசியில் ஒரு கேள்வியோ கோரிக்கையோ. "கடலைக் காப்பாற்றுங்கள்" என்று முடித்தால் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். "இந்தப் பக்கத்தில் உள்ள படம் காற்று மாறும் மாதங்களில் மீன்பிடி இடம் மாறுவதைக் காட்டவில்லை, பருவவாரியாக மீண்டும் ஆய்வு செய்ய வேண்டும்" என்று எழுதினால் யாராவது அதற்குப் பதில் எழுதியே தீரவேண்டும்.

நான் மலாயில் எழுதினேன். பாக் லாங் குறித்த படத்தை ஒளிநகல் எடுத்து இணைத்தேன். அவரும் தனியாக ஒரு கடிதம் போட்டார், நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். கலங்கல் பற்றி ஒரு பத்தி எழுதினேன். மண் கொட்டும்போது வண்டல் பரவாமல் இருக்க, தண்ணீரில் திரை கட்டுவார்கள். அது கிழிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் வேலையை நிறுத்துவீர்கள், யாருக்குத் தெரிவிப்பீர்கள் என்று கேட்டேன். குர்னி டிரைவ் முன்னால் வருடக்கணக்கில் சேறு சேர்ந்ததைப் பினாங்குக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடலைத் தூர்த்ததுதான் காரணம் என்று ஊரே பேசியது. தெற்கே அப்படி நடந்தால் யார் பொறுப்பு, எத்தனை வருடத்துக்குப் பொறுப்பு என்று ஒரு பத்தி. கெர்த்தாக் சங்குல், தெலுக் கும்பார் கரைகளில் ஆமை ஏறுவது, புலாவ் ரீமாவ் பக்கத்துப் பவளம் பற்றியெல்லாம் விவரம் தெரிந்த அமைப்புகள் எழுதின. எனக்குத் தெரியாததில் நான் கை வைக்கவில்லை.

பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கையெழுத்து எல்லாம் போட்டேன். மின்னஞ்சலிலும் அனுப்பினேன், பதிவுத் தபாலிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினேன். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

நடுவில் எங்கள் வட்டாரத்துத் தமிழர்களைக் கூட்டிப் பேசினோம். கோயில் மண்டபத்தில், வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு அப்புறம். "நாம மீனவர் இல்லையே, இது மலாய்க்காரங்க பிரச்சினைதானே" என்று ஒருவர் கேட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் கோபப்படவில்லை. அந்த மண்டபத்தில் இருந்த பாதிப்பேர் வீட்டில் அன்றைக்குக் காலை வரை அந்தக் கடலின் மீன்தான். மாசி மகத்துக்கு அம்மன் கடலுக்குப் போகிற தீவில் இருந்துகொண்டு கடல் அடுத்தவர் விஷயம் என்று எப்படிச் சொல்வது? அதே கூட்டத்தில் பசாரில் மீன் விற்கும் ஓர் அண்ணன் எழுந்து, கரையோர மீன் நின்றுபோனால் தன் கடையில் என்ன விலைக்கு விற்பேன் என்று கணக்குச் சொன்னார். அவர் பேசியது எங்கள் எல்லாருடைய பேச்சையும்விட நன்றாக எடுபட்டது. கடைசியில் சிலர் கடிதம் எழுத ஒப்புக்கொண்டார்கள். ஒரு பாட்டிக்கு மலாய் எழுத வராது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல, பள்ளியில் ஆறாம் படிவம் முடித்த பேத்தி மலாயில் எழுதினாள், பாட்டி கையெழுத்துப் போட்டார்.

முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2023 ஏப்ரலில் 71 நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. அன்றைக்கு ஜெட்டியில் யாரும் அதிகம் பேசவில்லை. மே மாதம், மூன்று தீவுகள் வேண்டாம், 2,300 ஏக்கரில் முதல் தீவு மட்டும் என்று மாநில அரசு அறிவித்தது. கிட்டத்தட்ட பாதி குறைந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி மண் கொட்டும் வேலை ஆரம்பமானது. அடுத்த வருடம் எல்ஆர்டி திட்டத்தை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. எல்ஆர்டிக்குப் பணம் வேண்டும், அதற்காகத் தீவு வேண்டும் என்று தொடங்கிய வாதம் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அனுமதி கேட்கும்போது சொன்ன காரணம் மாறினால் திட்டத்தையும் மறுபடி எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் கடிதத்தால் இரண்டு தீவுகள் நின்றன என்று நான் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் படகை நிறுத்திவிட்டுப் போராட்டத்துக்கும் வாரியத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தவர்கள் தெற்குக் கரை மீனவர்கள், பெருமை அவர்களுடையது. ஆனால் எங்கள் ஊருக்கு நேர் முன்னாலும் கெர்த்தாக் சங்குல் பக்கமும் கடல் இன்றைக்கும் திறந்து கிடக்கிறது, படகு போகிறது. முதல் தீவு எழும் பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கம் போனால் நிலைமை வேறு.

இப்போது நாங்கள் சிலர் செய்வது நிபந்தனைகளைக் கவனிப்பது. தண்ணீர் கலங்கித் தெரிந்தால் தேதி, நேரம், இடம், காற்று எந்தப் பக்கம் என்று குறித்துப் படம் எடுத்து வைக்கிறோம். பாக் லாங்கின் பேரன் அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறான். ஜெலுத்தோங்கிலும் பட்டர்வொர்த் கரையிலும் கடலைத் தூர்க்கும் பேச்சு இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் மண்டபத்தில் இப்படி ஒரு கூட்டம் வைக்க நினைத்தால் நானும் ஆசிரியையும் வரத் தயார். வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, மீன்பிடிக்கிற ஒருவரையும் மீன் விற்கிற ஒருவரையும் கட்டாயம் அழைத்து வையுங்கள். முதலில் மீன்வள இணைப்பைத் திறப்போம், சுருக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.