சுசுக்கிதான் எண்டு முடிவு, ஆனா எந்த சுசுக்கி?

கார் வாங்கிற எண்டு வெளிக்கிட்டா நம்மட பக்கம் ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. ரொயோட்டா எடு, அதுதான் நாளைக்கு வித்தாலும் காசு எண்டு மாமா சொல்றாரு, மச்சான் ஹொண்டா எண்டு நிக்கிறான். எனக்கு அந்தக் குழப்பம் பெரிசா இல்ல. சுசுக்கி எண்டா மட்டக்களப்பு டவுனிலயும் கல்முனையிலயும் பாட்ஸ் எடுக்கலாம், எங்கட ஊர் கராஜ் பாஸ் கண்ண மூடிக்கிட்டுக் கழட்டிப் பூட்டுவாரு, அது காணும் எனக்கு. 2020 மார்ச்சில நிப்பாட்டின இறக்குமதிய 2025 பெப்ரவரில திறந்தப்ப விலை இறங்கும் எண்டு எல்லாரையும் போல நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தன், வரியோட சேத்து புதுசின்ட விலையக் கேட்டாப்பிறகு பாவிச்ச கார்தான் எண்டு முடிவாச்சு.

அப்ப எந்த மாடல்? இதிலதான் விசயமே இரிக்கு. சுசுக்கி எண்டு பேர் ஒண்டுதான், ஆனா ஜப்பான்ல இருந்து வாறது வேற சாமான், இந்தியாவில மாருதி செய்து வாறது வேற சாமான். வேகன் ஆர் எண்டு ரெண்டிலயும் இரிக்கு, அல்டோ எண்டு ரெண்டிலயும் இரிக்கு, கதவத் திறந்து பாத்தா சொந்தக்காரர் மாதிரியும் தெரியாது. ஜப்பான் வேகன் ஆர், அல்டோ, ஸ்பேசியா, ஹஸ்லர், எவ்ரி எல்லாம் கெய் கார், ஜப்பான்ட சின்னக் கார் வகை. அந்த நாட்டுச் சட்டப்படி நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சிசி, இதுக்கு மேல போக ஏலாது, ஆளும் நாலு பேர்தான். பின் சீற்றில ரெண்டு பெல்ட்தான் இரிக்கும், போய்ப் பாருங்க. எங்கட வீட்ட நான், மனுசி, ரெண்டு புள்ளைகள், அம்மா எண்டு அஞ்சு பேர். "சின்னப் புள்ளைகள்தானே, மடியில வெச்சிக்கலாம்" எண்டு கார் சேல்காரர் எல்லாரும் ஒரே பாட்டுத்தான், புள்ளைகள் எப்பவும் சின்னனாவே இருக்குமா என்ன.

ஆனாலும் ஜப்பான் வேகன் ஆர் மேல ஆசை விடல்ல, உண்மையச் சொன்னா ஓட நல்ல சுகம், கியர் மாறுறதே தெரியாது, எண்ணையும் கம்மி. அம்மாக்கு முழங்கால் வருத்தம், அதுக்குள்ள கதிரையில இருக்கிற மாதிரி அப்பிடியே இருந்திட்டா. ஸ்பேசியாவில பின் கதவு தள்ளித் திறக்கிறது, அதுவும் அவவுக்குப் பிடிச்சிட்டு. இந்திய அல்டோவில ஏறிப்போட்டு, "மனே, இதுக்குள்ள குந்தினா எழும்ப ஏலாது" எண்டா, அதோட அல்டோ முடிஞ்சு. எவ்ரி நல்ல இடம் இரிக்கிற வாகனம், கடைச் சாமான் ஏத்திற ஆக்களுக்குச் சொல்லி வேலையில்ல, ஆனா எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில கிடக்கு, நம்மட சித்திரை வெயிலுக்கு அந்தச் சூடு வேற வேணுமா. ஹஸ்லர்ட அடிப்பக்கம் நிலத்தில இருந்து 180 மில்லிமீற்றர் உயரம், மனுசிட ஊர் படுவான்கரைப் பக்கம், அங்க கிரவல் ரோட்டுக்கு அதுதான் சரி, விலை கேட்டன், கதவச் சாத்திப்போட்டு வந்திட்டன்.

ஒரு வேகன் ஆர் கிட்டத்தட்ட பேசி முடிஞ்ச மாதிரி. 2014க்குப் பிறகு வந்த ஹைபிரிட், சேசி நம்பர் எம்எச்44எஸ் எண்டு தொடங்கும். வெள்ளை, உள்ளுக்கு வாசம் அடிச்சு, பளபள எண்டு கிடந்திச்சு. நல்ல காலம் பாஸக் கூட்டிக்கொண்டு போனது. மனுசன் எஞ்சின் பக்கமே போகல்ல, முதல் வேலையா சீற் பெல்ட்டக் கடைசி மட்டும் இழுத்தாரு. அடிப்பக்கம் காய்ஞ்ச சேறு, கோடு கிழிச்ச மாதிரி. மறுகா கார்ப்பெட்டத் தூக்கிப் பாத்தாரு, சீற் தண்டவாளத்தில துரு. வெள்ளத்தில நிண்ட கார். இந்த ஹைபிரிட்டுகள்ள சின்ன லித்தியம் பற்றரி முன் பக்கம் ட்ரைவருக்குப் பக்கத்துச் சீற்றுக்கு அடியிலதான் இரிக்கு, காருக்குள்ள தண்ணி வந்தா முதல்ல நனையிற இடங்கள்ள அதுவும் ஒண்டு. நம்மட மாவட்டத்தில மார்கழி வந்தா எந்த ரோட்டுக்கு மேலால தண்ணி பாயும் எண்டு சொல்லத் தேவையில்ல. சேல்காரர்ட கேட்டதுக்கு, "சேர்விஸ் செய்யக்குள்ள தண்ணி பட்டிரிக்கும்" எண்டாரு. ஓமோம்.

கடற்கரையோரம் ஓடின கார் எண்டா அடியில படுத்துப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. மேல பெயின்ற் அடிச்சு மறைச்சிரிப்பாங்க, ஆனா அடியில ஜக் வைக்கிற ஓரத்திலயும் பின் சில்லுக்கு உள்பக்கத்திலயும் உப்புக் காத்து தின்ன இடம் தெரியும். ஜப்பான் கார் எண்டா ஒக்ஷன் சீட் கேளுங்க, அங்க ஏலத்தில காரப் பாத்து எழுதிற தாள், அதில ஆர் எண்டு கிரேட் போட்டிருந்தா அடிபட்டுத் திருத்தினது. சீட் இல்ல, துலைஞ்சிட்டு எண்டு சொன்னா நான் அடுத்த கார் பாக்கப் போயிருவன். இன்னொரு சின்னக் கரைச்சல், ஜப்பான் ரேடியோ 76ல தொடங்கி 90க்கு அங்கால பெரிசாப் போகாது, நம்மட எப்எம் கேக்க செட்ட மாத்தணும் இல்லாட்டி ஒரு சாமான் பூட்டணும்.

கடைசியா எடுத்தது யாருமே சொல்லாத ஒண்டு, இந்தியாவில செய்த செலேரியோ, ஓட்டோ கியர். 998 சிசி, அஞ்சு பேருக்கு அஞ்சு இடம், அம்மா குனியாம ஏறுறா. மச்சான் சிரிச்சான், விக்கக்குள்ள கஷ்டப்படுவாய் எண்டான், உண்மைதான், வேகன் ஆர் விக்கிற வேகத்துக்கு இது விக்காது. ஆனா அதாலதான் வாங்கக்குள்ளயும் விலையப் பேச இடம் இருந்திச்சு. ஒண்டு கவனிக்கணும், இது ஜப்பான் வேகன் ஆர் மாதிரி சிவிரி, அதாவது படிப்படியா கியர் மாறாம ஓடுற சாமான் இல்ல, சாதாரண கியர்பொக்ஸ்தான், கிளட்ச்ச மெசின் மிதிக்குது. அதால கியர் மாறக்குள்ள ஒரு சின்னத் தயக்கம், தலை முன்னுக்குப் போய் வரும். காலக் கொஞ்சம் எடுத்து மிதிச்சாப் பழகும். ஏத்தத்தில அக்ஸிலேட்டர மிதிச்சிக்கொண்டு காரப் பிடிச்சு வெச்சா கிளட்ச் பிளேட் போயிரும், பிறேக்க மிதிங்க. எடுக்கிறதுக்கு முதல் அஞ்சு பேரையும் ஏத்தி ஏசியும் போட்டு களுவாஞ்சிகுடியில இருந்து கல்லடிப் பாலம் வரைக்கும் ஓடிப் பாத்தன், தனிய ஓடிப் பாத்து ஒண்டும் விளங்காது. ஏசி போட்டோண்ண இழுவை கொஞ்சம் குறையும், அது இந்த சைஸ் எஞ்சினுக்கு இருக்கிறதுதான்.

பேப்பர் விசயத்தில ஒப்பின் பேப்பர் எண்டு குடுப்பாங்க, பேர் மாத்தாம மூணு நாலு கை மாறின வாகனப் பதிவுப் புத்தகம். அத வாங்கி மேசைக்குள்ள வெச்சா பிறகு முதல் ஆளத் தேடி நீங்கதான் அலையணும். புத்தகத்தில லீசிங் கொம்பனிட பேர் கிடந்தா கடன் முடிஞ்ச கடிதம் கைக்கு வந்தாப் பிறகு மிச்சக் காசக் குடுங்க. பிரதேச செயலகத்தில வரிப்பத்திரம் எடுக்க இன்சூரன்ஸும் புகைச் சேட்டிபிக்கட்டும் வேணும், பழையது எப்ப முடியுது எண்டு பாத்து விலையில கழிச்சிக்கலாம். கார் பாக்கப் போறது எண்டா வெள்ளண போங்க, உச்சி வெயில்ல திருப்பிப் பெயின்ற் அடிச்ச கதவும் அடிக்காத கதவும் ஒரே நிறமாத்தான் தெரியும்.