‘ழ’ தீர்ந்த அச்சகம்

“தம்பிமார், ‘ழ’ முடிஞ்சுது. இனி என்ன செய்யப் போறியள்?”

1982 பெப்ரவரி மாதம், கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகம். நம் கல்லூரி மலரை அச்சுக்கோத்துக்கொண்டிருந்த ஐயா வெறும் பெட்டியைக் காட்டி இப்படிக் கேட்டபோது, மலர்க் குழுவில் இருந்த நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எழுத்து தீரும் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

இந்த மலருக்கு எழுதச் சொல்லிப் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது, விளையாட்டுப் போட்டி, நாடகம், காலி வீதியில் பஸ்ஸுக்கு ஓடியது என்று பலதும் நினைவுக்கு வந்தன. ஆனால் இந்த 43 வருடத்தில் என் வேலையிலும் வீட்டிலும் ஒவ்வொரு நாளும் என்னோடு கூட வருவது அந்த அச்சகம்தான். அதனால் அதையே எழுதுகிறேன்.

பாடசாலை விட்டதும் 101ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போவோம். அங்கிருந்து செட்டியார் தெரு வழியாக, நகைக் கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் தாண்டி, கொச்சிக்கடையால் நடந்து கொட்டாஞ்சேனை. அச்சகத்துக்குள் கால் வைத்தவுடன் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வரும். ஒரு பக்கம் காலால் மிதித்து ஓட்டும் மெஷின். மற்றப் பக்கம் சுவர் முழுக்கச் சாய்வான மரத்தட்டுகள், அவற்றில் சின்னச் சின்னக் கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் ஓர் ஈய எழுத்து.

தமிழில் 247 எழுத்து என்று படித்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். அச்சுக்கு அப்படி இல்லை. கொம்பும் (ெ) அரவும் (ா) தனித் துண்டுகள். ‘கு’, ‘சு’, ‘டு’ எல்லாம் ஒவ்வொன்றும் தனி வார்ப்பு. புள்ளி வைத்த எழுத்துகள் வேறு. தமிழ்நாட்டில் 1978இல் சீர்திருத்தம் வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியிருந்தது. ஐயாவின் தட்டில் மட்டும் தும்பிக்கை தூக்கிய பழைய ‘லை’தான் இருந்தது. சின்ன அச்சகம் என்பதால் ஒவ்வோர் எழுத்தும் அளவோடுதான் வாங்கி வைத்திருந்தார்கள். எட்டுப் பக்கம் கோத்து, அடித்து, அந்த எழுத்துகளைப் பிரித்து மறுபடி கூடுகளில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கத்துக்குக் கை வைக்கலாம்.

‘ழ’வும் ‘ழ்’உம் ஏன் முதலில் தீர்ந்தன? எங்கள் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் தெரியும். ஐந்து வாழ்த்துச் செய்திகள். எல்லோரும் மட்டற்ற மகிழ்ச்சி அடைந்திருந்தார்கள். தமிழ், இதழ், புகழ், நிகழ்ச்சி, திகழ்கிறது, வாழ்க என்று வரிக்கு வரி ‘ழ்’. போதாக்குறைக்கு முகவரிகளில் யாழ்ப்பாணம்.

“யாழ்ப்பாணத்திலை கை வைக்கேலாது,” என்றார் ஐயா. அவர் பருத்தித்துறைக்காரர். “மற்றதைக் குறைச்சுக்கொண்டு வாருங்கோ.”

அடுத்த நாள் மலருக்குப் பொறுப்பான தமிழ் சேரிடம் போய் நின்றோம். அகராதி பார்த்து மாற்றுச் சொல் போடலாம் என்பது எங்கள் எண்ணம். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போகவும் தயாராக இருந்தோம். சேர் பிரதியை வாங்கி, பக்கம் பக்கமாகத் தட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். முந்தைய வருடம் இறந்துபோன எங்கள் பியோன் ஐயாவுக்கான நினைவுக் குறிப்பு அது. நான் எழுதியது. “அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. அவர் புகழ் நீடூழி வாழ்க.” இரண்டே வசனத்தில் நான்கு இடத்தில் ‘ழ’.

“அகராதியிலை என்னத்தைத் தேடப்போறாய்?” என்றார் சேர். “அந்த மனுசனைத் தெரிஞ்ச ஆக்களிட்டைப் போய்க் கேள்.”

இரண்டு நாள் கேட்டுத் திரிந்தோம். ஆய்வுகூட உதவியாளர், சிற்றுண்டிச்சாலை அம்மா, கீழ்ப் பிரிவு ரீச்சர்மார், முன்வாசல் காவலாளி. கடைசியில் அந்தக் குறிப்பு இப்படி வந்தது: “காலை ஆறரைக்கே வந்துவிடுவார். தெறி அறுந்த சட்டையோடு வரும் சின்னப் பிள்ளைகளுக்காகப் பையில் ஊசியும் வெள்ளை நூலும் வைத்திருந்தார். பரீட்சை நாட்களில் மணியை மெதுவாக அடிப்பார்.” மழை நாளைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். ‘மழை’ என்று எழுத வழியில்லை. “குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மணி அடிப்பார்” என்று எழுதினோம். சேர் அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த மலரில் இருந்த 64 பக்கத்திலும் நல்ல எழுத்து என்று ஒன்றைச் சொன்னால் இந்தப் பந்தியைத்தான் சொல்வேன். ஓர் எழுத்துக் கிடைக்காமல் போனதால் வந்தது அது. கிடைத்திருந்தால் அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே அஞ்சலி செலுத்தி முடித்திருப்பேன்.

அந்த அச்சுக்கோப்பாளரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இடது கையில் கோக்கிற சட்டத்தைப் பிடித்திருப்பார். வலது கை கூடுகளுக்கும் சட்டத்துக்கும் இடையே ஓடும். கண் பிரதியில்தான் இருக்கும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறி இருக்கும். நாம் எழுத்துக் கூட்டி முடிக்குமுன் அவர் முழு வரியையும் வாசித்துவிடுவார். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் நான் ஆசையோடு காத்திருக்கும் வேலை தொடங்கும். அடித்து முடிந்த பக்கத்தைக் கழுவி, வரி வரியாகக் கையில் எடுத்து, எழுத்துகளை அந்தந்தக் கூட்டுக்குத் திருப்பிப் போடுவார். டிக், டிக் என்று விதை விழுவது போன்ற சத்தம். ஒரு நாள், “களைச்சுப்போயிருக்கிறியள் ஐயா, நாளைக்குச் செய்யலாமே,” என்றேன். “காலமை கையை நீட்டினா எழுத்து இருக்க வேணும் தம்பி,” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

பியோன் ஐயாவின் பெயரில் ஒரு ‘ழ’ உண்டு. பெயரை மாற்ற முடியாது. எழுத்துக் கையில் இல்லாதபடியால் ஐயா அந்த இடத்திலும் வேறு சில இடங்களிலும் தற்காலிகமாக ‘ள’வைப் போட்டுக் கோத்தார். “எழுத்துப் பிரிஞ்சு வந்த உடனை மாத்திப் போடுவன். புரூவிலை ஒவ்வொரு இடமாய் வட்டம் போட்டுத் தாரும்,” என்று, சரிபார்க்க அடித்துத் தரும் அந்தப் புரூவை என் பொறுப்பில் விட்டார்.

அன்று பெப்ரவரி 17. இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி, இங்கிலாந்துக்கு எதிராக, பி. சரவணமுத்து மைதானத்தில் தொடங்கிய நாள். பக்கத்துத் தேநீர்க் கடையில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்கள். எங்கள் வயதுப் பாடசாலைப் பையன் அர்ஜுன ரணதுங்க அணியில் இருந்தார். சாதாரண நாளில் ஒருவர் பிரதியைச் சத்தமாக வாசிக்க மற்றவர் புரூவைப் பார்ப்பார். அன்று மற்ற மூவரும் கடை வாசலில். நான் தனியே பேனையோடு இருந்தேன், காது ரேடியோவில். அன்று ரணதுங்க 54 ஓட்டங்கள் எடுத்தார் என்பது இன்றும் நினைவிருக்கிறது. 37ஆம் பக்கத்தை வாசித்தது நினைவில்லை. எல்லா இடத்திலும் வட்டம் போட்டேன், அந்த ஓர் இடத்தைத் தவிர.

மார்ச்சில் மலர் வெளிவந்தது. 500 பிரதிகள். பியோன் ஐயாவின் மனைவியை அழைத்திருந்தோம். வெள்ளைச் சேலையோடு வந்து, முன் வாங்கில் இருந்து, பக்கத்தைத் திறந்து விரலை வைத்து வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “இது அவற்றை பேர் இல்லையே தம்பி,” என்றார். கோபமே இல்லை. வேறு யாரையோ பற்றிய குறிப்பைத் தவறுதலாகத் தன்னிடம் தந்துவிட்டார்கள் என்று நினைத்தவர் போலக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்றும் வலிக்கிறது.

சேர் என்னை ஏசவில்லை. “ஐயாவிட்டைப் போய்ச் சொல்லு,” என்றார். கொட்டாஞ்சேனைக்கு அன்று தனியாகத்தான் போனேன். ஐயா பழைய புரூவை எடுத்துப் பார்த்தார். வட்டம் இல்லாத இடத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். பிறகு சட்டத்தைக் கையில் எடுத்தார். இப்போது ‘ழ’ இருந்தது. அந்தப் பெயருள்ள வரியை எட்டு முறை கோத்து, 63 தாள் அடித்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

504 துண்டுகள். பிளேடால் வெட்டி, வீட்டில் அம்மா காய்ச்சித் தந்த கோதுமை மாப் பசையால் ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம். ஏற்கெனவே கொடுத்த அறுபது பிரதிகளை வகுப்பு வகுப்பாகப் போய்த் திருப்பி வாங்கினோம். ஐந்து கிடைக்கவில்லை. முதலில் ஒட்டிய பிரதியைச் சேரும் நானும் தெஹிவளைக்குக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தோம். அவர் துண்டை விரலால் தடவிப் பார்த்து, எங்களுக்குத் தேத்தண்ணி போடப் போனார்.

அதற்கடுத்த வருடம், 1983 ஜூலையில், தமிழருக்கு எதிராக நடந்த கலவரம் உங்களுக்குத் தெரியும். அந்த அச்சகம் எரிந்தது. ஐயா ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு அவரைக் காணக் கிடைக்கவில்லை. நான் ஒரு பையில் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

லண்டனில் மருந்தாளராக 30 வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டேன். ஹைட்ரலசின் என்று ஒரு மருந்து, இரத்த அழுத்தத்துக்கு. ஹைட்ராக்சிசின் என்று இன்னொன்று, கடி, சொறிக்குக் கொடுப்பது. தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கக்கூடிய பெயர்கள். அவற்றை எடுக்கும்போதெல்லாம் ‘ள’வும் ‘ழ’வும் கண் முன் வரும். வேகம் கேட்கும் மானேஜர்களோடு பலமுறை மனஸ்தாபப்பட்டிருக்கிறேன். சோதிக்கும் மேசையில் ரேடியோ வேண்டாம், போன் வேண்டாம், ஒருவர் பெயரை வாய்விட்டு வாசிக்க மற்றவர் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை. மாலையில் மேசையில் கிடப்பதை எல்லாம் அதனதன் இடத்தில் வைத்த பிறகுதான் கோட்டைக் கழற்றுவேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் காலமை கையை நீட்டும் கதையைச் சொல்வேன்.

எழுதுவதை விட்டுவிடவில்லை. எங்கும் அனுப்புவதில்லை. ஞாயிறு காலையில் ஒரு கொப்பியில் ஒரு பக்கம், அவ்வளவுதான். பெட்டியில் ஓர் எழுத்து இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுவேன். ஒரு ஞாயிறு ‘ன்’ இல்லாமல் அம்மாவைப் பற்றி எழுதினேன். ‘அன்பு’ போயிற்று, ‘நான்’ போயிற்று. அம்மா அரிசி புடைக்கும் சுளகும், அதன் ஓரத்தில் பனை நாரால் அவர் போட்ட தையலும் மட்டும் வந்து நின்றன. அந்தத் தையலை நான் நாற்பது வருடமாக நினைக்கவே இல்லை. வேலையில் களைத்து, புதிதாக ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு இதைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்த்தேன். ‘அழகு’ என்ற சொல் இல்லாமல் பூவைப் பற்றி எழுதச் சொன்னால், பேனையை வைத்துவிட்டு முதலில் பூவைப் பார்க்கிறார்கள்.

போன மாதம் ஸ்காபரோவில் இருக்கும் நம் நண்பர் ஒருவர் 1982 மலரைத் தேடி எடுத்து, 37ஆம் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தாள் பழுப்பாகிவிட்டது. துண்டின் வலது மூலை லேசாக எழும்பியிருக்கிறது, பசை விடவில்லை.

ஒட்டியது போக மிஞ்சிய ஒன்பது துண்டுகளும் அந்தச் சான்றிதழ் உறைக்குள் இருந்து என்னோடு வந்துவிட்டன. திரும்பி வராத ஐந்து பிரதிகளில் ஒன்று உங்களில் யாரிடமாவது இருக்கலாம். தயவுசெய்து 37ஆம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். துண்டு ஒட்டாமல் இருந்தால் சங்கத்தின் மூலம் உங்கள் முகவரியை அனுப்புங்கள். ஒன்று தபாலில் அனுப்புகிறேன்.