ஸ்கைரிமில் பெண் உடல் அளவு: ஸ்லைடர் எட்டும் இடம், எட்டாத இடம்

கவசத்தைக் கழற்றினால் புது உடம்பு தெரிகிறது, மாட்டினால் பழைய உடம்பு வந்துவிடுகிறது. ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் முதல்முறை பெண் உடல் மாட் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் கோப்பு) போட்ட எல்லோரும் இதைக் கேட்பார்கள். மாட் கெட்டுப்போகவில்லை. இந்த விளையாட்டில் கவசம் உடம்பின் மேல் மாட்டப்படுவதே இல்லை. உடம்பைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வந்து உட்காருகிறது. உடம்புக்கென்று ஒதுக்கிய 32ஆம் ஸ்லாட்டில் (இடத்தில்) எது இருக்கிறதோ அதுதான் அந்தப் பாத்திரத்தின் உடம்பு. கவசக் கோப்புக்குள்ளேயே வெளியே தெரியும் தோள், வயிறு, தொடை எல்லாம் 2011இல் வந்த மூல அளவில் வைத்திருக்கும். ஆகவே உடலை மாற்றுவது கால்வாசி வேலைதான். மீதி முக்கால் ஒவ்வொரு உடுப்பையும் அந்த அளவுக்குக் கொண்டுவருவது.

ஒவ்வொரு உடம்புக்கும் இரண்டு கோப்புகள் உண்டு. பெயர் _0 என்று முடிவது ஒல்லி, _1 என்று முடிவது பருமன். பாத்திரம் உருவாக்கும் திரையில் இருக்கும் எடை ஸ்லைடர் 0 முதல் 100 வரை இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு வெர்டெக்ஸையும் (உருவத்தை ஆக்கும் புள்ளி) நேர்கோட்டில் நகர்த்துகிறது. 50 வைத்தால் சரியாக நடுப்புள்ளி. இது நடக்க இரண்டு கோப்பிலும் வெர்டெக்ஸ் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். _1ஐ மட்டும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திறந்து நாலு வெர்டெக்ஸை அழித்துவிட்டுச் சேமித்தால், 100இல் உடம்பு அழகாக இருக்கும், 60இல் முள்ளம்பன்றியாகிவிடும்.

இதைக் கையால் செய்ய வேண்டாம் என்றுதான் பாடிஸ்லைடு என்ற கருவி இருக்கிறது. மேலே உடல் அல்லது உடுப்பைத் தேர்ந்தெடுத்து, கீழே பிரீசெட்டை (முன்பே குறித்துவைத்த ஸ்லைடர் அளவுகளின் தொகுப்பு) தேர்ந்தெடுத்து, பிரிவியூவில் ஒல்லி, பருமன் இரண்டையும் பார்த்துவிட்டு பில்ட் அழுத்தினால் உடல் தயார். பிறகு அதே பிரீசெட்டோடு பேட்ச் பில்ட் ஓட்டி எல்லா உடுப்பையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். உடலுக்கு ஒரு பிரீசெட், உடுப்புக்கு இன்னொன்று என்று போனால் இடுப்பருகே தோல் துணியைக் கிழித்துக்கொண்டு வரும்.

இங்கே ஒரு குழி. 'பில்ட் மார்ஃப்ஸ்' பெட்டியை டிக் செய்தால் ரேஸ்மெனு என்ற தோற்றம் மாற்றும் மாட் வழியாக விளையாட்டுக்குள்ளேயே ஸ்லைடர்களை நகர்த்தலாம். அப்படிச் செய்பவர்கள் பாடிஸ்லைடில் எல்லா ஸ்லைடரும் பூஜ்யத்தில் இருக்கும் 'ஜீரோட் ஸ்லைடர்ஸ்' பிரீசெட்டில்தான் கட்ட வேண்டும். ஏற்கெனவே இடுப்பைக் கூட்டிக் கட்டிய உடம்பின் மேல் விளையாட்டிலும் அதே இடுப்பைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்துவிடும். 'ஸ்கிரீன்ஷாட்டில் அப்படி இல்லையே' என்ற புலம்பலில் பாதி இதனால்தான்.

இனி அளவுக்கு வருவோம். இயல்பான பெரியவர் உடம்பு சுமார் ஏழரைத் தலை உயரம். காவியப் பாத்திரங்களுக்கு எட்டு. உச்சந்தலை முதல் மோவாய் வரை ஒரு தலை. கொண்டையைச் சேர்க்கக் கூடாது. கண் தலையின் பாதி உயரத்தில், கால்கள் பிரியும் இடம் மொத்த உயரத்தின் பாதியில், தொங்கவிட்ட கையின் மணிக்கட்டும் ஏறக்குறைய அதே மட்டத்தில். உள்ளங்கையோடு விரல்நுனி வரை அளந்தால் மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை வர வேண்டும். பாதத்தின் நீளம் முன்கையின் நீளம். ஒரு மாடல் 'என்னமோ மாதிரி' இருக்கிறது என்றால் இடுப்பைப் பார்க்கும் முன் கையையும் பாதத்தையும் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

பாடிஸ்லைடு ஸ்லைடர்கள் தசையை நகர்த்தும், எலும்பைத் தொடாது. கால் நீளம், தோள் எலும்பின் அகலம், தலையின் அளவு எல்லாம் ஸ்கெலிட்டனில், அதாவது எலும்புக்கூட்டுக் கோப்பில் இருக்கின்றன. உயரத்தைக் கூட்டினால் தீருமா என்றால், தீராது. ஹை எல்ஃப் இனத்துக்கு உயரம் 1.08, ஆனால் தலையும் சேர்ந்தே 1.08 ஆகிறது. ஏழரை ஏழரையாகவே நிற்கும். பாத்திரம் நெடுநெடுவென்று தெரிய வேண்டுமானால் ரேஸ்மெனுவில் தலையைக் குறைக்க வேண்டும். 0.94 வைத்தால் தலை நீங்கலான உடல் 6.5, தலை 0.94, மொத்தம் 7.44, அதைத் தலையால் வகுத்தால் சுமார் 7.9. எட்டுக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. 0.9க்குக் கீழே போனால் கழுத்து மரக்கட்டை மாதிரித் தெரியும் என்பது என் கணக்கு.

தலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தொடை எலும்பை 1.1 ஆக்கிக் காலை நீட்டலாம் என்று தோன்றும். இந்த எஞ்சினில் ஒரு எலும்பின் ஸ்கேல் ஒரே ஒரு எண்தான். நீளத்துக்குத் தனி, தடிமனுக்குத் தனி என்று கிடையாது. தொடை நீளும்போதே பருக்கும், அதன் பிள்ளைகளான கெண்டைக்காலும் பாதமும் கூடவே பெரிதாகும். இடுப்பு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அனிமேஷன் முடிவு செய்வதால், நீண்ட கால் கணுக்கால் வரை தரையில் புதையும். இடுப்பு அகலத்துக்கும் இதே கதிதான். அனிமேஷனுக்கு உங்கள் ஸ்லைடர் தெரியாது. கை பழைய கோணத்திலேயே தொங்கும், அகன்ற இடுப்புக்குள் விரல்கள் நுழைந்து வெளியே வரும்.

பலர் கவனிக்காத ஒன்று வெளிச்சம். தோலின் மேடுபள்ளத்தை வெளிச்சத்துக்குச் சொல்லும் படமான நார்மல் மேப் இங்கே மாடல் ஸ்பேஸ் வகை. அதாவது 'இந்தப் புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறது' என்பது டெக்ஸ்சரிலேயே (உருவத்தின் மேல் ஒட்டும் படம்) எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. வயிற்றை நீங்கள் உள்ளே தள்ளினாலும், வெளிச்சம் பழைய வயிற்றின் மேல் விழுவதுபோலவே விழும். பிரிவியூவில் உருண்டையாக இருப்பது விளையாட்டில் தட்டையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். உடலோடு ஒத்த தசைக்கட்டுள்ள நார்மல் மேப்பைத் தேடிப் போடுங்கள். அதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். சிபிபிஇ, யுஎன்பி இரண்டும் தனித்தனி உடல் மாட் குடும்பங்கள்; சிபிபிஇ உடம்பில் யுஎன்பி டெக்ஸ்சரைப் போட்டால் யுவி (படம் உடம்பில் எங்கே ஒட்டும் என்ற வரைபடம்) பொருந்தாமல் தையல் கோடுகள் தெரியும்.

பாடிஸ்லைடு கோப்பு இல்லாத கவசத்தை பாடிஸ்லைடோடு வரும் அவுட்ஃபிட் ஸ்டூடியோவில் நாமே மாற்றலாம். கவசத்தை ஏற்றி, அது எந்த உடலுக்குச் செய்யப்பட்டதோ அதை ரெஃபரன்ஸாக வைத்து, கன்ஃபார்ம் ஆல் (உடலின் ஸ்லைடர்களைக் கவசத்துக்கும் படியவைக்கும் கட்டளை) கொடுத்து, எலும்பு வெயிட்டை (எந்த எலும்பு எந்தப் புள்ளியை எவ்வளவு இழுக்கும் என்ற அளவு) காப்பி செய்து சேமிக்க வேண்டும். துணிக்கு இது போதும். இரும்புக்குப் போதாது. கன்ஃபார்ம் செய்த மார்புத் தகடு தோலோடு ஒட்டி இரண்டு மேடாகப் பிதுங்கும். வில்லை இழுக்கும்போது ரப்பர் மாதிரி நெளியும். நிஜ மார்புத் தகடு ஒரே புடைப்பாக இருப்பது வாளை ஓரமாக வழுக்கிவிடத்தான். நடுவில் பள்ளம் இருந்தால் அடி நேரே நெஞ்சுக்கூட்டில் இறங்கும். ஸ்மூத் பிரஷ்ஷால் அந்தப் பள்ளத்தை நிரப்பி, இன்ஃபிளேட்டால் ஒரு விரல் அளவு வெளியே தள்ளுங்கள். பிறகு தகட்டின் வெர்டெக்ஸ் அனைத்துக்கும் மார்பு எலும்புகளின் வெயிட்டை எடுத்துவிட்டு முதுகெலும்பான ஸ்பைன்2க்கு மட்டும் முழு வெயிட் கொடுத்தால் தகடு தகடாக அசையும்.

கழுத்தில் இடைவெளி விழுந்தால் உடல் மாட்டைத் திட்டாதீர்கள். தலை தனிக் கோப்பு. நீங்கள் ஆடாத மற்ற பாத்திரங்களின் முகம் குறிப்பிட்ட ஓர் எடைக்கு ஏற்கெனவே செய்து கோப்பாகச் சேமிக்கப்பட்டது. எடையை மட்டும் மாற்றினால் உடம்பு நகரும், தலை நகராது. விளையாட்டைத் திருத்தும் கருவியான கிரியேஷன் கிட்டில் அந்தப் பாத்திரத்தைத் தேர்ந்து கன்ட்ரோல்+எஃப்4 அழுத்தி முகத்தை மறுபடி ஏற்றுமதி செய்தால் சரியாகும்.

ரேஸ்மெனு திரையில் கேமரா மூக்கருகே நிற்கிறது. கிட்டப் பார்வையில் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் தெரியும். அங்கேயே நின்று அளவை முடிவு செய்யாமல், வெளியே வந்து மூன்றாம் நபர் கேமராவைப் பின்னுக்கு இழுத்து, ஒரு தடவை ஓடவிட்டு, வில்லை இழுத்து, குனிந்து பதுங்கிப் பாருங்கள். இடுப்பை அளவுக்கு மீறி ஒடுக்கியிருந்தால் அந்தக் குனிவிலேயே மெஷ் (உடம்பின் 3டி வலை) மடிந்து உள்ளே போய்விடும்.