விவாகரத்துக் கணக்கு: பாதிப் பங்கு கிடையாது, பிரமாணப் பத்திரம் உண்டு

விவாகரத்து என்றதும் உறவுக்காரர்கள் முதலில் சொல்வது, "சொத்துல பாதி போயிடும்." இந்தியச் சட்டத்தில் அப்படியொரு பாதி இல்லை. போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டம் நீடிக்கும் கோவா போன்ற பகுதிகள் மட்டும் விதிவிலக்கு. மற்ற இடங்களில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, சொத்து பெரும்பாலும் அவருக்கே. இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தை ஒட்டி வந்து இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்களை மட்டுமே தொடுகிறது. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து வாங்கிய மனை அதற்குள் வராது. அதற்குக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே தனியாக வழக்குப் போட வேண்டும்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ந்ததில் பங்களிப்புதான் என்று சொல்லி, கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சில சொத்துகளில் அவருக்குச் சமபங்கு தந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஒரு நீதிபதியின் தீர்ப்பு, விவாகரத்து வழக்கில் வந்ததும் அல்ல. அதை மட்டும் நம்பி "பாதி எனக்கு" என்று உட்காரக் கூடாது.

அப்படியானால் பணத்துக்கான சண்டை எங்கே நடக்கிறது? ஜீவனாம்சத்தில். 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. படிவமும் தீர்ப்போடு இணைந்தே இருக்கிறது. விவசாயம் செய்பவர்களுக்குத் தனிப் படிவம்: நிலம் நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர் என்று அதில் கேட்பார்கள். எதிர்த் தரப்பு நான்கு வாரத்துக்குள் பதிலும் தன் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். இரண்டு வாய்ப்புக்கு மேல் இழுத்தடித்தால் நீதிமன்றம் அவருடைய எதிர்வாதத்தையே நீக்க முடியும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும். ஆகவே இழுத்தடிப்பவருக்கு நிலுவைதான் ஏறும்.

படிவத்தில் பலர் சறுக்குவது வருமானப் பகுதியில். ஒருவருக்கு மொத்தச் சம்பளம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரியும் கட்டாய பிஎஃப்பும் 10,000. வீட்டுக் கடன் தவணை 28,000, எல்ஐசி பிரீமியம் 6,000, கூட்டுறவு சங்கக் கடன் 11,000. கைக்கு வருவது 35,000. அதையே வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். நீதிமன்றம் பொதுவாகக் கழிக்க விடுவது தவிர்க்க முடியாத பிடித்தங்களை மட்டுமே. வீட்டுக் கடன் கட்டக் கட்டச் சேர்வது அவருடைய சொத்து. அதற்கு மனைவியின் சாப்பாட்டுச் செலவு ஏன் குறைய வேண்டும்? எனவே அங்கே பேசப்படும் எண் 80,000-க்குப் பக்கத்தில் இருக்கும். தவணையை மறைக்க வேண்டியதில்லை, கடன் பகுதியில் எழுதுங்கள். வருமானத்தில் கழித்து எழுதினால், வக்கீலின் முதல் குறுக்குக் கேள்வியே அதுதான். சம்பளத்தில் 25 சதவீதம் என்று ஒரு கணக்கு ஊரில் உலவுகிறது. சில தீர்ப்புகளில் அந்த எண் வந்தது உண்மை. ஆனால் அது எல்லாருக்குமான சூத்திரம் இல்லை.

வருமான வரிக் கணக்கையும் படிவம் மூன்று கட்டத்துக்குக் கேட்கிறது: திருமணத்துக்கு ஒரு வருடம் முன், பிரிவதற்கு ஒரு வருடம் முன், மனு போட்ட சமயம். இது சும்மா இல்லை. வழக்கு வரும் வாசனை தெரிந்ததும் வேலையை விடுவது, கடை வருமானத்தைப் பாதியாகக் காட்டுவது எல்லாம் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல்லிளித்துவிடும்.

எதிராளியின் சொத்து, வருமானம் பற்றித் தெரிந்ததை எழுதவும் படிவத்தில் ஒரு பகுதி உண்டு. பலர் அதில் 'தெரியாது' என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். வீணாகும் வாய்ப்பு அது. வங்கியின் பெயர், கிளை, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்திலிருந்து வந்த கடித உறை, வாடகைக்கு விட்டிருக்கும் கடை எங்கே என்பதுவரை எழுதலாம். அப்படி எழுதினால்தான் "இந்த ஆவணத்தைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்" என்று பின்னால் மனுப் போட முடியும். வருமான வரித் தளத்தில் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்குவது பயனுள்ளது. மறந்துபோன கணக்கின் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை எல்லாம் அதில் வந்துவிடும். கணவரின் கடவுச்சொல் தெரியும் என்று நீங்களே உள்ளே போய் எடுக்காதீர்கள், அது தனிக் குற்றம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் தனிநபர் தகவல் என்று பெரும்பாலும் மறுப்பார்கள். நீதிமன்றம் வழியாகச் சம்மன் அனுப்பிக் கேட்பதே வேலைக்கு ஆகும்.

நிலத்துக்கு வில்லங்கச் சான்று. தமிழ்நாட்டுப் பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண்ணோ பத்திர எண்ணோ தெரிந்தால் பார்த்துவிடலாம், ஆள் பெயரை மட்டும் வைத்துத் தேடிப் பயனில்லை. எனவே வீட்டில் இருக்கும்போதே பத்திரத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. வக்கீல் நோட்டீஸ் வந்த மறுவாரம் அம்மா பெயருக்கு செட்டில்மென்ட் எழுதியிருந்தால் சான்றில் தேதியோடு நிற்கும். விலை வாங்காமல் கைமாற்றிய சொத்தின் மீதும் ஜீவனாம்ச உரிமை தொடரும் என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 340 என்று சொன்ன பிரிவு, இப்போது அதன் இடத்துக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 379, அதன்படி நடவடிக்கை கேட்கலாம்.

நகைக்கு வருவோம். பெண்ணுக்கு வந்த ஸ்ரீதனம் பெண்ணுடையது. கணவர் வீட்டு பீரோவில் இருந்தாலும் அவர்கள் வெறும் காப்பாளர்கள்தான். 2024 ஏப்ரலில் ஒரு கேரள வழக்கில், 89 பவுன் நகையை இழந்த பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் கணவருக்கு உத்தரவிட்டது. நிரூபிப்பதுதான் கஷ்டம். கல்யாணத்தின்போதே பரிசுப் பொருள்களுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் 1985 விதிகள் சொல்கின்றன. யார் செய்கிறார்கள்? பட்டியல் இல்லாதபோது கைகொடுப்பவை நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பம், அடகுச் சீட்டு, வங்கி லாக்கரை யார் எந்தத் தேதியில் திறந்தார்கள் என்ற பதிவேடு. '100 பவுன்' என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. ஆரம் 6 பவுன், வளையல் 4 ஜோடி, எடை எவ்வளவு, எந்தப் புகைப்படத்தில் தெரிகிறது என்று எழுதுங்கள்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிபவர்கள் தவறவிடுவது தேதியை. வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவதென்றால் தீர்ப்புக்கு முன்பே பத்திரம் பதிவாவது நல்லது. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்கிடையே எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. விவாகரத்து ஆன மறுநாள் அவர்கள் சட்டப்படி குடும்பம் இல்லை, அந்தச் சலுகையும் போய்விடும். வருமான வரியில் கணவன் மனைவிக்குள் தரும் பரிசுக்குள்ள விலக்கும் அப்படியே. எதிர்ப்பக்கத்துப் பயமும் நியாயம்தான்: பத்திரத்தை எழுதிக் கொடுத்தபின் சம்மதத்தை வாபஸ் வாங்கினால்? அதனால் சம்மதத்தை மறுபடி உறுதிசெய்யும் இரண்டாவது மனு விசாரணைக்கு வரும் வாரத்தில் பதிவை வைத்துக்கொள்கிறார்கள். ரொக்கத்தையும் பாதி முதல் மனுவில், மீதியை இரண்டாவது மனு நாளில் டிடியாகக் கோர்ட்டிலேயே கொடுக்கிறார்கள்.

கூட்டாக வாங்கிய வீட்டுக் கடனை இனி ஒருவரே கட்டுவார் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது உங்கள் இருவருக்கும் மட்டுமே பொருந்தும், வங்கியைக் கட்டாது. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். இணைக் கடன்தாரர் பட்டியலிலிருந்து விடுவித்ததாக வங்கி தரும் கடிதம் கைக்கு வராமல் இறுதிக் கையெழுத்துப் போட வேண்டாம்.