தகவல் எதுவும் இல்லை, சார்

"அப்போ அவன் அங்க படிக்கவே இல்லையாம்மா?"

ஊரிலிருந்து போனில் ஒரு மாணவரின் அப்பா கேட்டார். அதற்கும், முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னேன். "அந்தப் பெயரில் நான் தரக்கூடிய தகவல் எதுவும் இல்லை, சார்." இந்த அமெரிக்கக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித்தந்த வாக்கியம். இங்கிலீஷில் அது விதியாகத்தான் ஒலிக்கும். என் பெயரைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறிவிட்டார், நானும் தமிழில் சொன்னேன். 'இல்லை' என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.

மூன்று வாரமாகப் பையன் போன் எடுக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பிள்ளை. மார்க்கைக்கூட அவர் கேட்கவில்லை. வகுப்புக்கு வருகிறானா, அது தெரிந்தால் போதும் என்றார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு ஃபெர்பா (FERPA) சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் 18 வயது ஆகாவிட்டாலும் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது. இங்கே வருமான வரிக் கணக்கில் பிள்ளையைத் தன்னைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குக் கல்லூரி விரும்பினால் தகவல் தரலாம். ஊரிலிருந்து கடன் வாங்கி அனுப்பும் அப்பாவுக்கு அந்த வாசலும் கிடையாது. ஒருவர் எங்களிடம் படிக்கிறாரா என்பதை மட்டும் யார் கேட்டாலும் சொல்வோம். அதுவும் வேண்டாம் என்று மாணவர் எழுதிக் கொடுக்கலாம். இந்தப் பையன் கொடுத்திருந்தான்.

காரணமில்லாமலா கொடுத்திருப்பான்? வீட்டுக்குப் பயந்து ஒளிந்து படித்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் அப்பாவும் இதே குரலில்தான் பேசினார். அதனால் நான் செய்தது சரி. ஆனால் விளம்பரக் கடிதம் வரக்கூடாது என்பதற்காக அந்தப் படிவத்தில் டிக் அடிக்கிறவர்களும் உண்டு.

உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் சட்டம் வழிவிடுகிறது. மூன்று வார மௌனம் அதில் சேருமா என்பதை மாணவர் நலப் பிரிவுதான் பார்க்க வேண்டும். எந்த மாணவரைப் பற்றிய கவலையையும் அங்கே சொல்லலாம் என்று எண்ணைக் கொடுத்து போனை வைத்துவிட்டேன். சட்டம் தடுப்பது நான் சொல்வதைத்தான், கேட்பதை இல்லை. கடைசியாக என்ன பேசினீர்கள், என்ன பயம் என்று கேட்டிருக்கலாம். கேட்டதை அன்றே அந்தப் பிரிவுக்கு எழுதியிருந்தால் யாராவது போய் அவனைப் பார்த்திருப்பார்கள். எந்த விதியும் உடைந்திருக்காது.

இது மறுநாள்தான் தோன்றியது. உடனே எழுதினேன். "பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் எனக்கும் சொல்ல மாட்டார்கள்.

இந்த செமஸ்டருக்கு அவன் பதிந்திருக்கிறானா என்று திரையில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். வேலைக்குத் தேவையில்லாத பதிவை நாங்கள் திறக்கக் கூடாது. இன்றுவரை திறக்கவில்லை.