கெர் கருந்துளையின் நிழல்: வர்க்கமூலத்தைத் தூக்கிய பிறகு

சுழலும் கருந்துளை (கெர் கருந்துளை) கறுப்பாகத் தெரியும் பகுதிதான் அதன் நிழல். கண்ணிலிருந்து ஒளிக்கதிர்களைப் பின்னோக்கித் தொடரும் நிரல் எழுதி அதை வரைகிறேன். சுழற்சி 0.998 (உச்சம் 1), பார்வை நடுவரைத் தளத்திலிருந்து. நிழலின் விளிம்பு கடைசியில் சுத்தமாக வந்துவிட்டது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, கணக்கு தவறிய சாம்பல் புள்ளி எங்கேயும் இல்லை. இதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

சுழலாத கருந்துளையை வரைவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கதிர் ஒரே தளத்தில் போகும், ஒரு சமன்பாடு போதும், நிழல் வட்டமாக விழும். சுழற்சியைச் சேர்த்ததும் கதை மாறிவிடுகிறது. ராய் கெர் 1963-ல் கண்ட காலவெளியில் ஒளிக்கதிர் ஒரு தளத்துக்குள் அடங்காது. ஆற்றலும் அச்சைச் சுற்றிய கோண உந்தமும் மட்டும் மாறாமல் இருந்தால் கணக்கு முடியாது. 1968-ல் பிராண்டன் கார்ட்டர் இன்னொரு மாறிலியைக் கண்டுபிடித்தார். அதனால்தான் ஆரமும் கோணமும் தனித்தனிச் சமன்பாடுகளாகப் பிரிகின்றன. மினோ நேரம் என்ற, இந்தப் பிரிவுக்கென்றே எடுக்கும் செயற்கை நேரத்தை அளவுருவாக எடுத்தால் பிரிவு முழுமையாகிவிடும். இதெல்லாம் இந்தப் பக்கம் வருபவர்களுக்குத் தெரிந்ததுதான்.

என் புகார் அதற்கு அடுத்த வரியில் தொடங்குகிறது. பார்க்கும் குறிப்புகளில் எல்லாம் ‘ஆரத்தின் மாறுவீதம் என்பது கூட்டல் அல்லது கழித்தல் வர்க்கமூலம்’ என்று எழுதிவிட்டு நேராகப் படத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் நடுவில்தான் வேலை முழுவதும் கிடக்கிறது. கதிர் கருந்துளையை நெருங்கி, திரும்பி, வெளியேறும்போது குறி மாற வேண்டும். எந்தப் படியில் மாற்றுவது? படி கொஞ்சம் நீண்டுவிட்டால் வர்க்கமூலத்துக்குள் இருப்பது எதிர்மறையாகிறது, நிரல் ‘எண் அல்ல’ என்று கைவிரிக்கிறது. சரி, எதிர்மறை வந்தால் பூஜ்யமாக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். அப்போது கதிர் அங்கேயே நின்றுவிடும், நகரவே நகராது.

ஏன் நகராது என்று தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. திரும்பும் இடத்தில் ஆரம் மாறாமல் அப்படியே இருப்பதும் அந்த முதல் வரிசைச் சமன்பாட்டுக்குச் சரியான தீர்வுதான். வேகம் பூஜ்யம், வர்க்கமூலமும் பூஜ்யம், சமன்பாடு திருப்தி. ஆனால் இயற்கையில் ஒளி அப்படி நிற்பதில்லை. ஊஞ்சல் உச்சிக்குப் போகும் கணத்தில் வேகம் பூஜ்யம், ஆனாலும் திரும்பி வருகிறது, முடுக்கம் இருப்பதால். வர்க்கமூல வடிவத்தில் அந்த முடுக்கம் பற்றிய தகவலே இல்லை.

ஆக வர்க்கமூலத்தைத் தூக்கிவிட்டு, வர்க்கப்படுத்திய சமன்பாட்டை இன்னொரு முறை வகையிட்டு, இரண்டாம் வரிசைச் சமன்பாடாக மாற்றினேன். குறி என்ற பேச்சே போய்விட்டது. திரும்பும் இடம் தானாக வருகிறது.

இதோடு இரண்டு மாறி மாற்றங்கள். ஆரத்துக்குப் பதில் ஆரத்தின் தலைகீழ், கோணத்துக்குப் பதில் அதன் கோசைன். ஒளியின் ஆற்றலை 1 என்று வைத்தால், தலைகீழ் ஆரத்தின் மாறுவீத வர்க்கம் வெறும் நான்காம் படிப் பல்லுறுப்புக்கோவை. மாறிலி உறுப்பு 1, முதல் படி உறுப்பு கிடையாது. இதன் பலன் பெரிது. பார்வையாளரை ‘ஆயிரம் அலகு தள்ளி’ என்று உத்தேசமாக வைக்க வேண்டியதில்லை, உண்மையாகவே முடிவிலியில் உட்கார வைக்கலாம். தலைகீழ் ஆரம் பூஜ்யத்தில் தொடங்குகிறது. மறுபடி பூஜ்யத்துக்குக் கீழே போனால் கதிர் தப்பித்தது. நிகழ்வு எல்லையின் (உள்ளே போனால் ஒளியும் திரும்பாத எல்லை) தலைகீழைத் தாண்டினால் விழுந்தது, பிக்சல் கறுப்பு. கோசைனின் சமன்பாடும் அதே போலப் பல்லுறுப்புக்கோவை. துருவத்தின் பக்கம் போகும் கதிர்களில் சைனின் வர்க்கத்தால் வகுக்கும் தொல்லை இங்கே இல்லை. அச்சைச் சுற்றும் கோணத்துக்கு மட்டும் அது மிச்சமிருக்கிறது.

வர்க்கமூலச் சமன்பாட்டை முற்றிலும் வீசிவிடவும் வேண்டாம். அது இப்போது சோதனைக் கருவி. ஒவ்வொரு கதிரின் முடிவிலும் வேக வர்க்கத்திலிருந்து பல்லுறுப்புக்கோவையின் மதிப்பைக் கழித்து, மீதியைத் தனிப் படமாகப் போடுகிறேன். பிழை எங்கே குவிகிறது என்று அந்தப் படத்தில் அப்பட்டமாகத் தெரியும். சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் டோர்மண்ட்–பிரின்ஸ் முறையில் படிநீளம் தானே மாறிக்கொள்வதால் விளிம்பிலும் மீதி அடங்கியே இருக்கிறது.

விளிம்பு கடினமான இடம். அங்கே பல்லுறுப்புக்கோவையும் அதன் வகைக்கெழுவும் ஒரே இடத்தில் பூஜ்யமாகின்றன, கதிர் கருந்துளையைச் சுற்றிச் சுற்றி வந்து முடிவெடுக்கத் தாமதிக்கிறது. 0.998 சுழற்சிக்கு, சுழற்சியோடு சேர்ந்து ஓடும் ஒளியின் வட்டப்பாதை 1.074-ல் (எல்லாம் வழக்கமான நிறை அலகில், சூரிய நிறை என்றால் ஒரு அலகு 1.48 கி.மீ.). நிகழ்வு எல்லை 1.063-ல். நூலிழை இடைவெளி. சாம்பல் புள்ளிகள் அதிகமாக மொய்த்தது இந்தப் பக்கத்தில்தான், கருந்துளையின் சுழற்சி நம்மை நோக்கி வரும் தட்டைப் பக்கத்தில்.

சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. நடுவரைத் தளத்திலிருந்து பார்த்தால் நிழலின் உயரம் சுழற்சியைப் பொறுத்து மாறவே மாறாது. எப்போதும் 27-இன் வர்க்கமூலத்தைப் போல இரு மடங்கு, அதாவது 10.392. அகலம் மட்டும் சுருங்கும். 0.998-க்கு தட்டை விளிம்பு அச்சிலிருந்து 2.111-லும் வளைந்த விளிம்பு மறுபக்கம் 6.997-லும் விழ வேண்டும், ஆக அகலம் 9.108. நிழலின் உச்சி வளைந்த பக்கமாக, சுழற்சியின் இரு மடங்கு தூரம் நகர்ந்திருக்க வேண்டும். என் படத்தில் எல்லாமே ஒரு பிக்சலுக்குள் பொருந்தின. ஜேம்ஸ் பார்டீன் 1973-ல் தந்த வளைகோட்டைப் படத்தின் மேல் போட்டேன், அச்சாக உட்கார்ந்தது. எவ்வளவு சந்தோஷம் என்று இதில் கை வைத்தவர்களுக்குத் தெரியும்.

நிழல் மட்டும் போதும் என்றால் கதிரைப் பின்தொடரவே தேவையில்லை, பல்லுறுப்புக்கோவையின் மூலங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு வேண்டியது கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வாயு வட்டு, அதனால்தான் முழுப் பாதையும்.

கிராஃபிக்ஸ் கார்டு பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டுக்காக விற்கும் கார்டுகளில் இரட்டைத் துல்லியக் (64 பிட்) கணக்கு பல மடங்கு மெதுவாக ஓடும். ஒற்றைத் துல்லியத்தில் விட்டால் தட்டை விளிம்பு மறுபடி பொரிந்துபோகிறது. இதற்கென்று கார்டு வாங்க நினைப்பவர்கள் பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகத்தை நம்ப வேண்டாம், இரட்டைத் துல்லிய விகிதத்தைத் தேடிப் பாருங்கள். நான் இப்போதைக்குச் செயலியின் எல்லா உட்கருக்களுக்கும் (கோர்) வேலையைப் பங்கிட்டு ஓட்டுகிறேன். மெதுவாகப் போனாலும் விடை சரியாக வருகிறது.

சுழல் அச்சிலிருந்து அளக்கும் பார்வைக் கோணத்தை 17 பாகைக்குக் குறைத்தும் பார்த்தேன். எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து பீறிடும் தாரை நம் பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. 0.998-லும் நிழல் கிட்டத்தட்ட வட்டமாகிவிடுகிறது. 2019-ல் வெளியான எம்87 கருந்துளையின் வளையப் படத்தை வைத்துச் சுழற்சியை அளப்பது ஏன் அவ்வளவு சிரமம் என்று கண்ணால் பார்த்தாயிற்று.

அடுத்தது வட்டு. 0.998 நான் சும்மா எடுத்த எண் அல்ல. வட்டிலிருந்து வரும் ஒளியையும் கருந்துளை விழுங்குவதால் சுழற்சி அதற்கு மேல் ஏறாது என்று கிப் தோர்ன் 1974-ல் கணக்கிட்ட உச்சம் அது. அந்தச் சுழற்சிக்கு வட்டின் உள்விளிம்பு 1.237 வரை வரும். நடுவரையில் 2-க்கு உள்ளே எதுவும் அசையாமல் நிற்க முடியாது என்பதால், ஒளிவிடும் பொருளுக்குச் சுற்றுப்பாதை வேகத்தைக் கொடுத்தே சிவப்புப் பெயர்ச்சியைக் கணக்கிட வேண்டும். மொத்தப் பிரகாசம் அந்தப் பெயர்ச்சி விகிதத்தின் (வந்து சேரும் அதிர்வெண்ணை வெளியிட்ட அதிர்வெண்ணால் வகுத்தது) நான்காம் படியில் ஏறி இறங்கும். அந்தப் பகுதி எழுதியாயிற்று, ஓட்டவில்லை. இப்போது இழுப்பது வேறு இடம்: கதிர் வட்டைத் தாண்டும் கணம், அதாவது கோசைன் குறி மாறும் இடம், இரண்டு படிகளுக்கு நடுவே விழுகிறது. நேர்கோட்டில் இடைமதிப்பு எடுத்தால் உள்விளிம்பு ரம்பப் பல் போல வருகிறது. டோர்மண்ட்–பிரின்ஸின் இடைநிலை மதிப்புகளிலேயே படிக்குள் ஒரு பல்லுறுப்புக்கோவை பொருத்தி அதன் மூலத்தைத் தேடும் துண்டை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.